மீனாட்சி டீச்சருக்கு எந்த யுகுலேலே?

1. திரும்பி வந்த டெனார்

மீனாட்சி டீச்சர், குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் அந்த யுகுலேலேவைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு, "சார், இது எனக்கு ஒத்து வரல" என்றார். வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

கொல்கத்தா பவானிபூரில் ஒரு இசைக்கருவிக் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். விற்பதும் நான்தான், செட்டப் செய்வதும் நான்தான். ஸ்ட்ரிங் மாற்றுவது, அதன் உயரத்தைக் குறைப்பது, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் விரலைக் குத்தாமல் தேய்ப்பது எல்லாம் செட்டப்பில் அடக்கம். திரும்பி வரும் கருவிகளில் பெரும்பாலும் ஏதாவது கோளாறு இருக்கும். இதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்து நேராக இருந்தது. சுருதி சரியாக நின்றது. கோளாறு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டீச்சர் மதுரைக்காரர். கல்யாணமாகிக் கொல்கத்தா வந்தவர், டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் கேஜி வகுப்பு எடுக்கிறார். குரல் நாணில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மெதுவாகப் பேசலாம், பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேஜி வகுப்பில் பாதி வேலை பாட்டுத்தான். அவர் ரெக்கார்ட் போட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு நாள் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் வகுப்பு முழுக்க ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறார்கள். அதன் பிறகுதான், நாலு நைலான் ஸ்ட்ரிங் உள்ள இந்தச் சின்ன வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு தினமும் வகுப்பில் வாசிக்கலாம் என்று முடிவு செய்து கடைக்கு வந்தார்.

முதல் நாள் அவர் கேட்டது ஒன்றுதான். "தினமும் வாசிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க சார்."

நான் யோசிக்கவே இல்லை. முப்பது பிள்ளைகள், சத்தம் வேண்டும், ஆகவே பெரிய சைஸ் என்று டெனாரை எடுத்து வைத்தேன். எனக்குப் பிடித்ததும் டெனார்தான். அடிக்குரல் நன்றாக வரும். கடையில் ஆளில்லாத மதியங்களில் நான் வாசிப்பது அதைத்தான்.

இப்போது அது திரும்பி வந்திருந்தது.

"சத்தம் பத்தலையா டீச்சர்?"

"சத்தம் இருக்கு. ஆனா..." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். அதை எடுக்கணும்னாலே அலுப்பா இருக்கு. பிரின்சிபால் துர்கா பூஜா லீவு வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வகுப்பு சரியாகலைன்னா என்னை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவாங்க. பதினாலு வருஷமா பிள்ளைங்களோட இருந்துட்டேன். ஃபைலோட உக்காந்து நான் என்ன பண்றது?"

"நான் வந்து உங்க வகுப்பைப் பாக்கலாமா?" என்று கேட்டேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது. அதற்கு முன் எந்த வாடிக்கையாளரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

என்னை வங்காள வழக்கப்படி 'தா', அதாவது அண்ணன், என்று அழைக்கும் முதலாளி மித்ரா பாபு சிரித்தார். "சுந்தர்தா, ஒரு யுகுலேலேவுக்காக ஸ்கூலுக்குப் போறீங்களா? இன்னொண்ணை மாத்திக் குடுத்து அனுப்புங்க."

"எதை மாத்திக் குடுக்கறது பாபு? அதுதான் தெரியல" என்றேன்.

2. தரையில் உட்கார்ந்த வகுப்பு

இரண்டு நாள் கழித்து மூன்று யுகுலேலேக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோ ஏறினேன். இரண்டு கான்சர்ட், அதாவது நடுத்தர சைஸ். ஒன்று முழு மரம், ஒன்று பிளைவுட். மூன்றாவது சோப்ரானோ, இருப்பதிலேயே சின்னது. எல்லா சைஸிலும் ஒன்று இருக்கட்டும் என்றுதான் அதை எடுத்துப்போனேன்.

வகுப்பில் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே என் தப்பு தெரிந்துவிட்டது. டீச்சர் நிற்பதே இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவர் முழங்காலை இடித்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு மூக்கைத் துடைத்தார். இன்னொருத்திக்கு ஷூ பக்கிளைப் போட்டுவிட்டார். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு கையும் வேண்டியிருந்தது. அந்த மடியில் டெனாருக்கு இடமே இல்லை. நான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு பலகையை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

முழு மரக் கான்சர்ட்டைக் கொடுத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஈரக்காற்றில் தினமும் கிடந்தால் இந்த மரம் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை வாங்கி வைத்துவிட்டு, ஈரத்தைத் தாங்கும் பிளைவுட் கான்சர்ட்டை நீட்டினேன். கணீரென்று இருந்தது. டீச்சர் வாசிக்க, பிள்ளைகள் அதற்கு மேல் கத்தினார்கள். அவர் ஓங்கி அடித்தார். அவர்கள் இன்னும் கத்தினார்கள். அவர் தன்னை மறந்து குரலை உயர்த்தப் போனார். உடனே தொண்டையில் கையை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

டீச்சர் கான்சர்ட்டை என்னிடம் தந்துவிட்டு, நான் எடுத்துக் கொடுக்காமலே சோப்ரானோவைப் பையிலிருந்து எடுத்தார். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல அது அவர் கைமடிப்பில் உட்கார்ந்தது. கட்டைவிரலால் மட்டும், மிக மெதுவாக வாசித்தார். கடையில் யாராவது அப்படி வாசித்தால் 'கொஞ்சம் ஓங்கி அடிங்க' என்று நானே சொல்லியிருப்பேன்.

முன்னால் இருந்த ஒரு பெண் குழந்தை, "மிஸ், ஷோனா ஜாச்சே நா" என்றாள். கேட்கவில்லை என்று புகார். டீச்சர் ஓங்கி வாசிக்கவில்லை. அப்படியே தொடர்ந்தார். அந்தக் குழந்தை பின்னால் திரும்பி, "சுப்!" என்று மற்றவர்களை அதட்டினாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து அதட்டினார்கள். வகுப்பு அடங்கியது. தலைகள் எல்லாம் அந்தச் சின்ன வாத்தியத்தை நோக்கிச் சாய்ந்தன. பிறகு மழையைப் பற்றிய ஒரு வங்காளக் குழந்தைப் பாட்டை அவர்களே பாட ஆரம்பித்தார்கள். டீச்சர் வாயே திறக்கவில்லை. ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் கார்டு மூன்றே மூன்று, அதுவும் தடுமாறித்தான் வந்தது.

பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "சார், இது" என்றார்.

"சத்தம் கம்மியா இருக்கே டீச்சர்?"

"அதனாலதான் சார்."

3. என் பங்கு

அதை அப்படியே விட்டுவிட்டு வரவில்லை. விரல் வைத்துப் பார்த்தபோது முதல் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் உயரமாக இருந்தது. தினமும் வாசித்தால் ஒரு வாரத்தில் விரல் நுனி வலிக்கும். கடைக்கு எடுத்துவந்து, தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்தேன். ஒரு இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கரகரவென்று அதிரும். தேய்ப்பதும் வாசித்துப் பார்ப்பதுமாக ஒரு மதியம் முழுக்கப் போனது.

மித்ரா பாபு எட்டிப் பார்த்தார். "பொம்மை மாதிரி இருக்கே, இதையா எடுத்தாங்க?"

"ஆமா பாபு. அவங்கதான் எடுத்தாங்க."

அதற்கு முன்பெல்லாம் 'நான்தான் தேர்ந்து கொடுத்தேன்' என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஒருவருக்குப் பிடித்ததை இன்னொருவர் தேர்ந்து கொடுக்க முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் நாள் முழுக்க எங்கே உட்காருகிறார், கை எப்போது ஓய்கிறது என்று கேட்கலாம். அவர் எடுத்ததில் விரலுக்கு வலிக்கிற இடத்தைத் தேய்த்துக் கொடுக்கலாம். கடைக்காரன் வேலை அவ்வளவுதான். அதன்பின் யார் வந்து கேட்டாலும் மரத்தையும் சைஸையும் நான் முதலில் பேசுவதில்லை. "வீட்டுல இதை எங்க வைப்பீங்க? எப்ப எடுப்பீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

பூஜா லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை டீச்சர் சோப்ரானோவை எடுத்துக்கொண்டு புது ஸ்ட்ரிங் செட் வாங்க வந்தார். பிரின்சிபால் லீவுக்கு முன் ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து நின்று, பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் போனாராம். ஆபீஸ் வேலை என்ற பேச்சு அதன்பின் எழவே இல்லையாம்.

பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றியபோது ஃப்ரெட் படுகிற இடங்களில் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"லீவுல பள்ளிக்கூடம் இல்லையே டீச்சர், அதுக்குள்ள இவ்வளவு தேஞ்சிருக்கே?" என்றேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "லீவுல யாரும் வாசிக்கச் சொல்லல சார். நானாத்தான் எடுத்தேன். ஒரு நாள்கூட விடல."