பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரியை விட்டு ஒரு மைல் நடந்த பிறகுதான் கவனித்தேன், அவர்களுடைய தகரக் குவளை என் கையிலேயே இருந்தது. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. கிண்ணியாத் துறையை நோக்கி நடந்தேன். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காய்ச்சல். அன்று விட்ட நாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் அனுமதித்தது பன்னிரண்டு கட்டில்கள். ஊர்ச்சனம் வாங்கிக் கொடுத்த ஆறு இரும்புக் கட்டில்கள் களஞ்சிய அறையில் துருப்பிடித்துக் கிடந்தன. கட்டில் கூடினால் தாதி, மருந்து, சோறு எல்லாம் கூட வேண்டும்; அதனால் அனுமதிக் கடிதம் இல்லாமல் அவற்றைப் போட முடியாது. மிச்சப்பட்ட நாங்கள் ஏழு பேர் தரையில் பாயில் கிடந்தோம். எங்கள் பெயர் புத்தகத்தில் ஏறாது. பன்னிரண்டு பேருக்கு வரும் சோற்றில்தான் எங்களுக்கும் பங்கு. என் பக்கத்துப் பாயில் தோப்பூர் வயல்காரர் ஒருவர், இளைப்பு நோய். வாட்டில் எல்லோருக்கும் அவர் 'காக்கா', மூத்த அண்ணன். நான் முனகினால் "மகன்" என்று ஒருமுறை கூப்பிடுவார். வேறு கதை இல்லை. அந்தப் பக்கத்தில் என்னை அப்படிக் கூப்பிட வேறு ஆளும் இல்லை.

டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியை நடத்திய அப்போதிக்கரி ஐயா, கூடுதல் கட்டிலுக்கு இரண்டு வருடமாக எழுதிக் கேட்டதன் பேரில், அன்று காலை ஓர் உத்தியோகத்தர் பார்க்க வந்தார். ஐயா அவரை அழைத்துவர ஜீப்படிக்குப் போன நேரம், ஆஸ்பத்திரி ஊழியரான அற்றெண்டன் வாட்டுக்குள் ஓடிவந்தார். தரையில் ஆட்களைக் கண்டால் ஐயாவுக்குப் பிழை வரும் என்பது அவருடைய பயம்.

"பாயில கிடக்கிற ஆக்கள் எழும்புங்கோ! கெதியா! பின்னால மரத்துக்குக் கீழ போய் இருங்கோ."

"எனக்கு ஏலாது, தம்பி. மூச்சு வாங்குது," என்றார் தோப்பூர்க்காரர்.

"அதை வெளியில இருந்து வாங்குங்கோ, காக்கா. அங்க காத்து கூட."

நான் அவரைத் தாங்கிக்கொண்டு போனேன். தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலூடாகப் பார்த்தோம். உத்தியோகத்தர் கட்டில்களை எண்ணினார், பிறகு ஆட்களை எண்ணினார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அப்போதிக்கரி ஐயா வெறும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகத்தில் ஏற்றாதவர்களை எந்த வாயால் கூப்பிடுவார்?

ஜீப் போனதும் அற்றெண்டன் பாய்களைத் திரும்ப விரித்தார். நான் படுக்கவில்லை.

"போறியா, மகன்?"

"ஓம்."

"போ. ஒரு பாய் மிச்சம்."

துறையில் இழுவைப் பாதை நின்றது. ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிற தட்டைத் தெப்பம் அது. எங்கோ சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்த அந்த ஜீப்பும் அதில் ஏறியது. உத்தியோகத்தரிடம் போனேன்.

"ஐயா, அங்க நாங்கள் ஏழு பேர் தரையில கிடந்தனாங்கள். நீங்கள் வரேக்க எங்களை வெளியில விட்டவை."

"உம்மட பேர் புத்தகத்தில இருக்கோ?"

"இல்லை."

"அப்ப நான் எதைக் கண்டனான் எண்டு எழுதுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அக்கரை வந்ததும் ஜீப் இறங்கிப் போனது.

அந்தக் கரையிலேயே துறைக் கொட்டிலில் படுத்தேன். விடியக் கயிறு இழுக்க ஓர் ஆள் குறைந்தது. "வாறீரோ?" என்று கேட்டார்கள். காய்ச்சல் நாள்தான், ஆனால் அது பின்னேரம்தான் வரும். போனேன். முதல் இழுவையில் கிண்ணியாக் கரையைச் சேர்ந்தபோது ஒரு மாட்டுவண்டி காத்து நின்றது. உள்ளே தோப்பூர்க்காரர். நனைந்ததில் இளைப்பு முற்றிவிட்டது. அங்கே கட்டில் இல்லை, பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் அற்றெண்டன் இருந்தார்.

"எங்கட குவளை எங்க?" என்றார் என்னைக் கண்டதும்.

எடுத்துக் கொடுத்தேன். தோப்பூர்க்காரர் கண் திறக்கவில்லை. வண்டி இழுவைப் பாதையில் ஏறியது. கூப்பிடுகிறாரா என்று காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.