அந்த அம்மாள் ஏன் அழுதார்

2009-இல் சிதம்பரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, பல நாட்டு மாணவர்களும் நடிகர்களும் கூடும் நாடகப் பட்டறை ஒன்றுக்காக இத்தாலி போனேன். எங்கள் நாடகக் குழுவில் ராஜா வேடம் எப்போதும் எனக்குத்தான். குரல் பெரியது. அதை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

அங்கே மேடையே இல்லை. பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் கூடத்தில் பயிற்சியாளர் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்தார். பேசக் கூடாது. எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“நடிக்காமல் பார்,” என்றார். நான் கேட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை.

எனக்கு எதிரில் போர்ச்சுகலிலிருந்து வந்த ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். முதலில் அவர் புருவத்தைப் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் கண்ணைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

“பரவால்ல, விடுங்கம்மா,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பயிற்சியாளர் என் தோளைத் தட்டி, “ரொம்ப நல்லது,” என்றார். எது நல்லது? நான் பேசியதா, அவர் அழுததா?

சாப்பாட்டு வேளையில் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. சிரித்தபடி தன் மொழியில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடலூருக்கு ஃபோன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

“நீ என்னா சொன்ன அவுங்கள?”

“ஒண்ணும் சொல்லலம்மா. பாத்தேன், அவ்ளோதான்.”

“பொம்பளைய ஏன் அப்புடி உத்துப் பாக்குற?”

“பாக்கச் சொன்னாங்க.”

“இதுக்கா அவ்ளோ தூரம் கூப்ட்டாங்க?”

எனக்கும் அதே சந்தேகம்தான். அடுத்து வந்த நாட்களில் வேறு பலரோடும் அப்படி உட்கார்ந்தேன். யாரும் அழவில்லை. எனக்கும் எதுவும் தோன்றவில்லை, கழுத்து வலித்ததைத் தவிர.

ஊர் திரும்பியதும் அங்கே என்ன கற்றுக்கொண்டேன் என்று ஹாஸ்டல் அறை நண்பன் கேட்டான். சொல்லத் தெரியாமல், அவனை எதிரில் உட்காரவைத்து அவன் கண்களைப் பார்த்தேன்.

“என்னா மச்சான், எதுனா தப்பு பண்ணிட்டியா?” என்று சிரித்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல அவன் சிரிப்பும் அடங்கியது. சட்டென்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தவன் செமஸ்டர் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசினான். என் கண்ணில் அவன் என்ன கண்டான் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.