பினாயில் தொட்டியைத் தாண்டி வந்த வீடு

எங்கள் வீட்டுக்கு ஒரு வீடு விருந்தாளியாக வந்தபோது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. நான்கு சக்கரத்தில், ஜன்னலுக்கு ஜன்னல் பச்சைத் திரை போட்டு, புகை விட்டுக்கொண்டு வந்தது. அதைக் கண்ட மாத்திரத்தில் நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் ஓசூர்ப் பக்கமெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. எங்கேயோ ஆற்றில் பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கமாட்டேன் என்கிறதாம், ஒரு பிள்ளையைக் காவு கொடுத்தால்தான் நிற்குமாம். பிடிக்கிறவர்கள் திரை போட்ட வண்டியில்தான் வருவார்கள் என்ற தகவலை எங்களுக்குத் தந்தவள் சாணி அள்ள வரும் கன்னடக்காரி. அவள் "மக்கள கள்ளரு" என்று கன்னடத்தில் சொல்லும்போது, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று தமிழில் கேட்பதைவிட பயம் அதிகமாக இருக்கும்.

வந்தது பிள்ளை பிடிக்கிற வண்டி அல்ல, பெரியப்பாவின் வண்டி என்று அம்மா வந்து என் காதைப் பிடித்து இழுத்துப் போனபோது தெரிந்தது. அதனால் பயம் குறைந்துவிடவில்லை.

பெரியப்பா ஏடன் துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த சமயம். போகிற அவசரத்தில் பியானோவையும் நாய்க்குட்டியையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்களாம். அப்படி ஒரு துரையிடமிருந்து பெரியப்பா வாங்கியதுதான் இந்த வண்டி. உள்ளே படுக்கலாம், சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் கூரையைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கப்பலில் ஏற்றி பம்பாயில் இறக்கியபோது அங்கே சுங்க அதிகாரிகளுக்குப் பெரிய குழப்பம். காருக்கு ஒரு தீர்வை உண்டு, கட்டில் பீரோவுக்கு ஒரு தீர்வை உண்டு. காருக்குள்ளேயே கட்டிலும் பீரோவும் இருந்தால் என்ன செய்வது? ஒருவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாராம், இன்னொருவர் குழாயைத் திறந்து பார்த்தாராம். கடைசியில் எது அதிகமோ அதைப் போட்டுவிட்டார்கள். பெரியம்மாவின் வளையல்கள் அங்கேயே கழன்றன. வேறு யாருக்கும் விற்கக் கூடாது, சொந்த உபயோகம் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்களாம்.

மைசூர் எல்லையைத் தாண்டும் இடத்தில் மதுவிலக்குப் போலீஸ் நிறுத்தியது. வீடே உருண்டு வந்தால் அதில் எத்தனை பாட்டில் இருக்குமோ என்று ஆவலாக ஏறிய போலீஸ்காரர், உள்ளே உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கையைப் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் இறங்கி, "போங்க, போங்க" என்றாராம். ஏடனில் கிளம்பியதிலிருந்து தங்களைத் தாமதம் செய்யாமல் விட்டவர் அவர் ஒருவர்தான் என்று பெரியப்பா இதைச் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஏடனில் தொழுநோய் வந்திருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். மடங்கிப்போன விரல்கள் மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. 'அது' என்றார்கள். பெயர் தெரிந்த நோய்க்குப் பயப்பட ஒரு அளவு உண்டு.

அப்பா மத்திகிரியில் மாட்டுப் பண்ணையில் கம்பவுண்டர். நாங்கள் குடியிருந்தது பண்ணைக்கு உள்ளேயே. பண்ணையின் கேட்டில் சிமெண்டால் ஒரு ஆழமில்லாத தொட்டி கட்டி, பினாயில் கலந்த தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். மாடோ வண்டியோ மனிதனோ, எதுவாக இருந்தாலும் அதில் கால் நனைத்துத்தான் உள்ளே வரவேண்டும். கோமாரி நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாட்டை ஒரு மாதம் தனிக்கொட்டகையில் கட்டி, சுற்றிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வைப்பார்கள். நோய் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற மாடுகளோடு சேர்ப்பார்கள். அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த வைத்தியம் அதுதான்.

வண்டி தொட்டியைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. பெரியப்பா இறங்கி, "தம்பி, வீட்டோட வந்துட்டன். எங்க நிறுத்தறது?" என்றார்.

"கொஞ்ச நாளைக்குத் தனிக்கொட்டகைப் பக்கமா இருக்கட்டுங்கண்ணா. வெளிநாட்டுல இருந்து எது வந்தாலும் ஒரு மாசம் தள்ளித்தான் வெக்கறது. பண்ணை ரூல்ஸு."

"மாட்டுக்குத்தானப்பா ரூல்ஸு."

"எதுக்கும் இருக்கட்டுமே" என்றார் அப்பா.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் கூப்பிடுவார்கள் என்று நினைத்து வந்தவர்களை, கப்பலில் வந்து இறங்கியிருந்த ஒரு சீமைக் காளைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அப்பா தன் கையாலேயே காளைக்கும் வண்டிக்கும் ஒரே மாதிரி சுண்ணாம்புக் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் வந்து புது வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அவர் சைக்கிள் மறைந்ததும் அப்பா அதே வண்டியின் மேல் பினாயில் தெளித்தார். இரண்டுமே அவருக்கு நம்பிக்கைதான், எது முந்தி என்பதில்தான் சந்தேகம்.

எனக்கு அந்த நாட்களில் பயத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பெரியம்மா வெளியே இறங்கவில்லை. கம்பளி உறை போட்ட ஒரு கை திரையை விலக்கும், கொஞ்ச நேரம் ஒரு முகம் எங்கள் வீட்டைப் பார்க்கும், திரை மூடிக்கொள்ளும். அம்மா சோற்றையும் குழம்பையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவாள். பெரியப்பா வந்து எடுத்துப் போவார். திரும்பி வந்த பாத்திரத்தை வெளி அடுப்பில் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பாள். பாத்திரத்தையே இவ்வளவு வேகவைக்கிறார்கள் என்றால் தொட்ட மனிதரை என்ன செய்வார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் ஒருநாள் பலகையையும் பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு அவங்கம்மா சொன்னதாகச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஓசூர்ப் பக்கம் கோடையில் அது வரும். வந்தால் ஓடு உடையும். புளியங்கொட்டை அளவில் தொடங்கி எலுமிச்சங்காய் அளவுக்குப் போயிற்று. நான் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஓடினேன். சிலேட்டு உடைந்தது. எங்கே ஓடுகிறேன் என்று பார்க்கவில்லை. ஒரு கதவு திறந்து, ஒரு கை என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"மண்ட ஒடஞ்சிடும் பாப்பா. உள்ள வா."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தகரக் கூரையின் மேல் பெய்த ஆலங்கட்டியில் அது வந்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. பெரியம்மா ஒரு துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். உள்ளே எல்லாம் சின்னச் சின்னதாக, மடக்கி வைத்தபடி இருந்தது. மேசையை இறக்கினால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் பெட்டி. துரையின் அடுப்புக்கு இந்த ஊரில் காஸ் கிடைக்காததால் அதன் மேலேயே ஒரு பம்ப் ஸ்டவ்வை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அதில் பால் கொதித்தது. பெரியம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கினார்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம்கூட மாறவில்லை. பேய்க்குத்தான் சுடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"சுடும் பெரியம்மா" என்று எப்படியோ சொன்னேன்.

"சுடுதா?" அவர் அவசரமில்லாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது கண்ணு. யாராச்சும் பக்கத்துல இருந்து சொன்னாத்தான் தெரியும்."

டம்ளரில் பாலை ஊற்றிக் கோக்கோ கலந்து என்னிடம் தந்து, குடிக்கிற சூடா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். பயத்திலும் பசி இருந்தது, குடித்தேன். நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு அவர் பேசினார். போன தடவை லீவில் வந்தபோது பெங்களூரில் ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினார்களாம். "கையப் பாத்ததும் ரூம் இல்லன்னுட்டாங்க. அதான் உங்க பெரியப்பா ரூமையே வாங்கிட்டாரு" என்றார். பிறகு, அம்மா வைக்கும் குழம்பில் புளி இன்னும் தூக்கலாகவே இருக்கிறது என்றார். "ஒரே ஒரு நாளு உங்க அடுப்படில உக்காந்து, சுடச்சுட அதச் சாப்புடணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தது."

மழை விட்டதும் நான் இறங்கி ஓடினேன். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. அவர் தொட்ட டம்ளரில் குடித்திருக்கிறேன். அவர் துண்டில் துவட்டியிருக்கிறேன். இனி என்னையும் கல்லின் மேல் சோறு வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த வைத்தியமும் அப்பாவுடையதுதான். நேரே கேட்டுக்குப் போய் பினாயில் தொட்டியில் இறங்கினேன். கரையாத ஆலங்கட்டிகள் அதில் மிதந்துகொண்டிருந்தன. முழங்கால் வரை கழுவினேன், கையைக் கழுவினேன், தலையில் ஊற்றிக்கொண்டேன். பக்கத்தில் சாக்கில் இருந்த சுண்ணாம்புத் தூளை அள்ளி ஈரக் கையில் தேய்த்தேன், கன்னத்தில் தேய்த்தேன். டம்ளர் பட்ட உதட்டை மட்டும் எப்படி விடுவது? அதிலும் தேய்த்தேன்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் உதடும் உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. அம்மா பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான், அதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சுண்ணாம்பு பட்ட புண்ணை மாட்டிலும் மனிதனிலும் எத்தனையோ பார்த்தவர், தேங்காயெண்ணெய் தடவும்போதே இது சுண்ணாம்புப் புண்தான், 'அது' இல்லை என்று அம்மாவிடமும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"கொழந்தைய ஏன் உள்ள கூப்புட்டீங்க அண்ணி?"

திரை விலகவில்லை. "ஆலங்கட்டி பேஞ்சுதுங்க தம்பி" என்று குரல் மட்டும் வந்தது.

அப்பா திரும்பி வந்துவிட்டார். அம்மா மறுநாளும் கல்லின் மேல் சோறு வைத்தாள்.

மாதம் முடிந்தது. சீமைக் காளைக்கு நோய் ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். பண்ணை ஆட்கள் அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டுக் கோட்டைத் தாண்டி ஓட்டிப் போனார்கள். பெரியப்பா வண்டிப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாளைக்குத்தான் பயப்படுவது, ஒரு முடிவு தெரிந்தால் தேவலை என்றிருந்தது.

"காளைய விட்டுட்டாங்க. பெரியம்மாவ எப்பப்பா விடுவாங்க?"

பெரியப்பா ஒரு தடவை சிரித்தார். எழுந்து போய் எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த நாள் காலையில் வண்டி கிளம்பியது. எங்கே என்று பெரியப்பா சொல்லவில்லை, அப்பா கேட்கவில்லை. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் காம்பவுண்டுக்குள் கடைசிவரை அதை நிறுத்திக்கொண்டு இருந்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்துக் காதில் விழுந்தது. அன்று அம்மா ஒரு தூக்குவாளி நிறையக் குழம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கல்லைத் தாண்டினாள், கோட்டருகே நின்றாள். பிறகு குனிந்து வாளியைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா வந்து எடுத்துக்கொண்டார். ஜன்னல் திரை முழுவதும் விலகியிருந்தது, பெரியம்மா கையுறை போட்டிருக்கவில்லை.

"ஒதட்டுப் புண்ணு ஆறிடுச்சா பாப்பா?" என்றார்.

நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா வண்டிக்கு முன்னாலேயே கேட்டுக்குப் போய், தொட்டியில் புதிதாகப் பினாயில் ஊற்றிக் கலக்கிவிட்டார். நான்கு சக்கரமும் நனைந்து, ஈரத் தடத்தை ரோட்டில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு அந்த வீடு போயிற்று. போகிற வண்டிக்கு எதற்குப் பினாயில் என்று அப்பாவைக் கேட்டேன். வருகிறவர்கள் நோயைக் கொண்டுவரக் கூடாது என்றுதானே தொட்டி?

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பண்ணைக்குள்ள இருக்கற நோவு வெளிய போயிடக் கூடாதில்ல" என்றார்.

பண்ணைக்குள் அப்போது எந்த மாட்டுக்கும் நோய் கிடையாது. ஒரே நோயாளி என்று நான் நினைத்திருந்தவரும் போய்விட்டார். பிறகு யாருக்கு என்ன நோய் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. பினாயில் நெடி என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் பயமில்லை என்று வீட்டுக்கு ஓடினேன்.