ஏழாம் நம்பரின் உயரம்

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்றுதான் பெயர். கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. விண்வெளி நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் பொடிசுக்குப் பயிற்சி இடம் கிடைத்த அன்று, அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கடைக்கு வருகிறவர்களுக்கு அளவெடுக்கும்போதே, தங்கச்சி விண்வெளியில் வேலை பார்க்கிறாள் என்று காதில் போட்டுவிடுவாள்.

"தினமும் போய் வர பஸ் விட்டிருக்காங்களா?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"விட்டிருக்காங்க. உங்கள மாதிரி ஆளுங்க ஏறக் கூடாதுன்னு போர்டும் வச்சிருக்காங்க. கையத் தூக்குங்க."

பொடிசு வேலை பார்த்ததோ தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். கம்ப்யூட்டர்கள் கெட்டுவிடக் கூடாது என்று ஏசியை வைத்திருந்த வைப்பில் மனிதர்கள் விறைத்துப் போனார்கள். பின்கட்டிடத்தில் எட்டுப் பேர் கட்டிலில் கிடந்தார்கள். நோயாளிகள் இல்லை, சம்மதித்து வந்தவர்கள். தலைப்பக்கம் தாழ்ந்து கால்பக்கம் உயர்ந்த கட்டில்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. விண்வெளியில் உடம்பு என்ன பாடுபடும் என்பதைத் தரையிலேயே பார்க்கிற சோதனை அது. அவர்களுடைய நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை, உயரம் எல்லாம் தினமும் பொடிசின் திரைக்கு வரும். பெயர் வராது. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்றுதான் வரும்.

அவள் வேலை, அதில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. எழுபத்திரண்டு என்று இருக்க வேண்டிய துடிப்பு எழுநூற்று இருபது என்று வந்திருக்கும். எடை இருக்க வேண்டிய கட்டத்தில் உயரம் உட்கார்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் போட்டு வைக்க வேண்டும். எண்ணைத் தொடக் கூடாது. பிரிவின் தலைவி முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள்.

ஒரு தையல் கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துப் போடுகிற வீட்டில் வளர்ந்தவள் பொடிசு. இரண்டே வாரத்தில் அவள் ஃபைல்கள் பளிச்சென்று வர ஆரம்பித்தன. மேடம் பிரிவு முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். "இவ்ளோ சுத்தமா இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல." அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து மஞ்சள் போடக் கை கூசியது. நிறைய மஞ்சள் இருந்தால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ?

அந்தச் சமயத்தில்தான் உயரங்கள் கூட ஆரம்பித்தன. முதலில் சிலருக்கு, பிறகு எட்டுப் பேருக்குமே. ஏழாம் நம்பருக்கு மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர். முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் எப்படி வளர்வார்கள்? சாயங்காலம் அக்காவிடம் கேட்டாள். அக்கா பட்டன் தைத்துக்கொண்டே, வாயில் நூலைக் கடித்தபடி, அளவெடுக்கிற ஆள் மாறினாரா என்று கேட்டாள். நர்ஸ் மாறியிருந்தார்.

"பின்ன என்ன? புதுசா வர்றவங்க டேப்ப தளர்த்திப் பிடிப்பாங்க, அளவு கூடத்தான் செய்யும். வளர்ந்த ஆம்பள எங்கடி வளருவான்? பழைய அளவையே போடு."

பொடிசும் பழைய அளவையே போட்டாள். எட்டுப் பேருக்கும், தினமும். ஃபைலில் ஒரு மஞ்சள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பயிற்சிக்காரர்களும் சுவரோரமாக உட்காரலாம் என்றார்கள். ஏழாம் நம்பர் விஷயம் வந்தது. நாலைந்து நாளாக முதுகு வலி என்று சொல்கிறாராம். சோதனையைக் கவனிக்கிற டாக்டர், பொடிசின் ஃபைலில் ஏழாம் நம்பரின் வரியை மட்டும் திரையில் போட்டுக் காட்டினார்.

"இப்படிப் படுத்துக் கிடந்தா முதுகெலும்பு நீளும், ஆளே கொஞ்சம் உயரமாயிடுவார். விண்வெளியிலயும் அதான். அந்த நீட்சியிலதான் வலி வரும். இவருக்குப் பாருங்க, ஒரு மில்லிமீட்டர் கூட நீளல. நீளாத முதுகு எப்படி வலிக்கும்? வீட்டு ஞாபகம் வந்திருச்சு, வேறொண்ணும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பொடிசும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடுவதற்குள், அந்த எண்ணைப் போட்டது தன் கை என்று உறைத்தது. கூட்டத்தில் அதற்கு மேல் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் விழுந்தது. திங்கட்கிழமை ஏழாம் நம்பரைச் சோதனையிலிருந்து நீக்கிவிடலாம், காரணம் இல்லாத புகார் என்று எழுதிக்கொள்ளலாம்.

நர்ஸ் அனுப்பிய அசல் எண்கள் வேறொரு ஃபைலில் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. மௌஸில் கையை வைத்தும் விட்டாள். எண்கள் சரியாகிவிடும். ஆனால் ஏழாம் நம்பரைப் பொய்க்காரன் என்று நினைத்துச் சிரித்தார்களே, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை கடையில் அக்கா வழக்கம்போல் யாரிடமோ தங்கச்சி பெருமை பேசிக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி கை பட்டால் அதில் தப்பே இருக்காது என்றாள். பொடிசுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்தவர் போகட்டும் என்று காத்திருந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தானடி போடச் சொன்னேன். நானே வந்து அந்தம்மாகிட்ட சொல்றேன்."

"நீ தைக்கிறவ, உனக்குத் தெரிஞ்சதச் சொன்ன. நான் உன்கிட்ட கேட்டிருக்கவே கூடாது. கேக்க வேண்டியவங்க பக்கத்து ரூம்லயே இருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை மேடம் பையைக் கூட மேஜையில் வைக்கவில்லை, பொடிசு போய் நின்றாள். திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சந்தேகம்னா என்ன செய்யச் சொன்னேன்?"

"மஞ்சள் போடச் சொன்னீங்க மேடம்."

"ஏன் போடல?"

அக்கா பெயரைச் சொல்லலாம், நர்ஸ் மாறியதைச் சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. "மஞ்சள் நிறைய இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைப்பீங்கன்னு..." அறையில் இருந்த மற்ற இருவர் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடிப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

மேடம் போன் செய்து டாக்டரை வரச் சொன்னார். நர்ஸ் அனுப்பிய எண்களைப் பார்த்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பொடிசின் ஃபைல்கள் முழுவதையும் வேறொருவர் முதலிலிருந்து பார்ப்பார், இனி அவள் திரையில் எண்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று மேடம் முடிவு செய்தார். பயிற்சியைத் தொடரலாமா என்பதை மேலே கேட்டுத்தான் சொல்ல முடியுமாம். ஏழாம் நம்பரிடம் டாக்டர் பேசிக்கொள்வார் என்றார்.

"நானும் வரட்டுமா சார்?" என்றாள் பொடிசு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏழாம் நம்பரை அன்றுதான் நேரில் பார்த்தாள். ஒல்லியான, தாடி வளர்ந்த மனிதர். தலை தாழ்ந்து கிடந்ததால் முகம் உப்பிச் சிவந்திருந்தது. எண்களில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அப்படியே விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"நான்தாங்க மாத்தினேன்" என்றாள் பொடிசு. "உங்க உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்துச்சு. யாரையும் கேக்காம நானே குறைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் அவளைக் கீழிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்றரையா?" என்றார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டாக்டரே இல்லங்கிறாரே, நமக்குத்தான் மனசு சரியில்ல போலன்னு பல்லக் கடிச்சிட்டுக் கிடந்தேன். பொண்டாட்டிகிட்ட போன்ல கூட சொல்லல. அவளும் சிரிச்சிருவாளோன்னு."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. பொடிசும் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டிலின் உயர்ந்த பக்கத்தில், அவர் பாதங்களுக்கு அருகில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

டாக்டர் அவருடைய முதுகுக்கு அடியில் கையை விட்டார். "சொல்லுங்க, எங்க வலிக்குது?"

அவர் வாயைத் திறந்தார். சிரிப்பு இருக்கிறதா என்று முதலில் டாக்டரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் பொடிசின் முகத்தையும்.