எண்ணிச் சொல்லாத பட்டி

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் எங்கள் அண்ணன் பிறந்தார். அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டதால் சிறு வயதிலேயே மாட்டுப் பட்டியைப் பொறுப்பெடுத்தார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும் அவரால்தான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் கேட்காமலே பால் கொண்டுபோய் வைப்பார். மாட்டுக்கு அவர் அடித்ததை நான் கண்டதில்லை.

வயல் விதைக்கும்போது பட்டியைக் காட்டோரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவதும், அறுவடை முடியத் திருப்பிக் கொண்டுவருவதும்தான் எங்கள் ஆட்களின் வருடம். அந்தத் தரைக்கு ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது.

யுத்தம் முடிந்து சமாதானம் என்று சொன்ன காலத்தில் அரசாங்கம் மேய்ச்சலுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்க முடிவெடுத்தது. ஒரு உத்தியோகத்தர் பட்டியடிக்கு வந்து, "ஐயா, எத்தனை மாடு?" என்று கேட்டிருக்கிறார். பட்டிக்காரர் மாட்டை எண்ணிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண்ணூறு பட்டுப் பட்டி குறையும் என்ற பயம். அண்ணன், "கொஞ்சம் கிடக்கு தம்பி. ஒரு இருபது போட்டுக்கொள்ளுங்க" என்று கையெழுத்தும் வைத்துவிட்டார். சீட்டு இருபதுக்குத்தான் வந்தது. மிச்ச மாடுகளை மேய்ச்சல் தரைக்குள் விடவில்லை.

கனடாவில், மொன்றியலில் இருந்த எனக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, நீதானே படிச்ச. அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுது."

"எத்தனை எண்டு எழுத, அண்ணை?"

"நிறைய எண்டு எழுது."

"நிறைய எண்டா அவங்க எடுப்பாங்களா? இலக்கம் கேப்பாங்க."

"அப்ப நீயே ஒண்டைப் போடு. என்ட வாயால வேணாம்."

நானும் அதே வீட்டுப் பிள்ளை. உள்ளது எவ்வளவு என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் என் கை அதை எழுதவில்லை. குறைத்து அறுபது என்று எழுதினேன். முதல் சொன்னதும் இதுவும் பொருந்தவில்லை, கையெழுத்து வைத்ததே முடிவு என்று பதில் வந்தது. அந்த விதைப்புக் காலம் முழுக்க சீட்டில் இல்லாத மாடுகள் மேய்ச்சல் இல்லாமல் அடைப்புக்குள் நின்றன. செத்தது போக, மிச்சத்தை வியாபாரி ஏற்றிப் போனான்.

பிறகு அவருடைய மகள் அவரை மொன்றியலில் தான் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ஒரு நாள் மருமகன் நகரத்துக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மாட்டுப் பண்ணை பார்க்கக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஒவ்வொரு மாட்டின் காதிலும் இலக்கம் தொங்கியது.

"எல்லாத்தையும் எண்ணி வைச்சிருக்கானுகளே. இதுகளுக்கு ஒண்டும் ஆகல்லையா?" என்று அண்ணன் கேட்டார்.

"கொழுத்துப்போய் நிக்குது, மாமா," என்று மருமகன் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த பனிக்காலத்தில் நெஞ்சு நோவு வந்து படுத்தவர் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகப் பிரெஞ்சில் கதைத்த பிள்ளைகளுக்கும், பக்கத்து வில்லரேயிலிருந்து பனிக்குள்ளால் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், கடைசிவரை கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

சீட்டில் இருந்த மாடுகளோடு ஊரில் அண்ணனின் மகன்தான் இப்போது பட்டி பார்க்கிறான். மேய்ச்சல் சீட்டுப் பதிவுக்கு உத்தியோகத்தர்கள் திரும்பவும் வரப்போகிறார்களாம். போன கிழமை கோல் எடுத்து, "இந்த முறை உள்ளதைச் சொல்லு, மகன்" என்றேன்.

"ஓம் மாமி, சொல்லுறன்."

"இப்ப எத்தனை நிக்குது?"

"கொஞ்சம் கிடக்கு, மாமி," என்றான். நானும் பிறகு கேட்கவில்லை.