மலையைப் பார்த்து நின்றவன்

செங்கோட்டைச் சந்தையில் பலாப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். "ஏலே, நம்ம சங்கரன் போயிட்டாம்லே. நெஞ்சப் பிடிச்சு உக்காந்தவன் எந்திரிக்கல." நான் அவனுக்குத் தாய்மாமன். நாலு ஊர் கேட்கப் பேசுகிறவன். பலாப்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அவனிடம் கால்பந்து பழகிய பிள்ளைகளுக்கு அவனுடைய கல்லூரிக் காலம் தெரியாது. ஹாக்கி மட்டையை எடுத்தால் எதிரணி கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வரும். நீளம் தாண்டினால் குழி போதாமல் லாரியில் மணல் வரும். கபடியில் அவனைப் பிடித்தவர்கள் இன்றும் தைலம் தேய்க்கிறார்கள். எல்லாம் எங்கள் வீட்டுக் கால். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதில் கல்லூரிக்குத்தான் நஷ்டம்.

அப்பேர்ப்பட்டவன் தென்காசியில் பெண் பிள்ளைகளுக்குக் கோச் ஆனதும் நடுங்க ஆரம்பித்தான். பெனால்டி என்றால் திரும்பி நின்று குற்றால மலையைப் பார்ப்பான். சாரலில் மலையே மறைந்த நாளிலும் அந்தத் திசைதான். நடப்பதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. "மருமவனே, பந்து மின்னலா கிளம்பி..." என்று தொடங்குவேன்.

"மாமா, கதை வேண்டாம். கோலா, இல்லையா?"

"ஏம்லே இப்படிப் பயப்படுத?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் ஆடுதப்போ கால் எங்கிட்ட இருந்திச்சு மாமா. இப்ப கால் அதுககிட்ட. நெஞ்சு மட்டும் எங்கிட்ட."

அவன் இல்லாமல் ஆடிய இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கடைசி அடி கடையநல்லூர் ரிஸ்வானாவுக்கு. போட்டால் கோப்பை நமக்கு, விட்டால் ஆட்டம் இன்னும் நீளும். பந்தை வைத்தவள் அடிக்காமல் என்னிடம் ஓடி வந்தாள்.

"தாத்தா, சார் எடத்துல திரும்பி நில்லுங்க. முதுகு தெரிஞ்சாத்தான் எனக்கு அடிக்க வரும்."

"ஏட்டி, நான் பாக்காண்டாமா?"

"சார் பாக்காமலே நம்புவாகல்லா?"

அவன் பயத்தை இந்தப் பிள்ளை அப்படி எடுத்து வைத்திருக்கிறது! திரும்பி நின்றேன். மலை மேல் மேகம். கழுத்தில் சாரல். விசில் கேட்டது. கூட்டம் கத்தியது. கோல் விழுந்தாலும் கத்தும், தவறினாலும் கத்தும். சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஓடி வரும் சத்தம் கேட்டது.

"தாத்தா, பந்து அப்படியே வளைஞ்சு போயி..."

"கதை வேண்டாம் ஏட்டி. கோலா, இல்லையா?"

"கோல், தாத்தா."

அவனுடைய விசிலை அக்கா வைத்திருக்கிறாள். கோப்பை அவன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. எனக்கு அவன் விட்டுப்போனது அந்தப் பயம். இன்னும் இறங்கவில்லை, இறக்கி வைக்கவும் மனமில்லை.