ஆள் ஊரில் இல்லை

அந்த வருஷம் உளுந்து நன்றாகத்தான் வந்தது. பரளச்சிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு. புரட்டாசியில் ஈரம் பார்த்து விதைத்தோம். காய் முற்றி, பிடுங்குவதற்கு ஆள் சொல்லிவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் காட்டுக்குள் இறங்கினால் கால் முழங்கால்வரை புதைந்தது. செடியில் இருந்தபடியே காய்க்குள் உளுந்து முளைவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்தார். இன்னொன்றைப் பிதுக்கினார். அப்படியே ஒரு நிரை முழுக்கப் பிதுக்கிக்கொண்டே போனார். நான் கூப்பிட்டேன். அடுத்த நிரைக்குப் போனார்.

வங்கியில் பயிர்க் கடன் வாங்கியிருந்தோம். கடன் அவர் பெயரில், ஜாமீன் கையெழுத்து என்னுடையது. இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊருக்குள் ஏதோ ஒரு காட்டைக் குறித்து, அதில் அறுத்துப் பார்த்துத்தான் நஷ்டம் கணக்கிடுவார்களாம். அவர்கள் அறுத்துப் பார்த்தது மேட்டுக்காடு, தண்ணீர் நிற்காத இடம். எங்கள் ஊருக்கு நஷ்டமே இல்லை என்று வந்துவிட்டது.

முதலில் கடிதம் வந்தது. பிறகு போன். அதற்குப் பிறகு ஒரு ஆள் பைக்கில் வர ஆரம்பித்தார். நாற்பது வயது இருக்கும், வசூலுக்கென்று வங்கி வைத்திருந்த ஆள். பைக் தெருமுனையில் திரும்பும்போதே என் வீட்டுக்காரர் பின்பக்கம் ஆட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். நான் வாசலில் நின்று, "அவுக ஊர்ல இல்லண்ணே, வந்ததும் சொல்றேன்" என்பேன். இரண்டு தடவை அப்படிச் சொன்னேன். அவரும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பொய் சொல்லுவது வாய்க்கு அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

மூன்றாவது தடவை அவர் தண்ணீர் வாங்கவில்லை. தெரு நடுவில் நின்றுகொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"பொண்டாட்டிய வாசல்ல நிறுத்திட்டு ஒளியிற ஆளுக்கு எதுக்குய்யா லோனு? சேலை கட்டிக்கிட வேண்டியதுதான!"

எதிர்வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து இவர் வந்தார். தலையில் வைக்கோல், வேட்டியில் ஆட்டுப் புழுக்கை.

"நான்தான். இருக்கேன். என்ன செய்யணும், சொல்லுங்க."

அந்த ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "கட்டணும்ணே" என்றார்.

இவர் வீட்டுக்குள் போய், மூலையில் கிடந்த உளுந்து மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். கறுத்து, பூசணம் பிடித்து, ஆடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கிய உளுந்து. அதை பைக்கின் சீட்டில் வைத்தார்.

"இதான் வெளச்சல். முழுசா இம்புட்டுத்தான். ஏத்திக்கிட்டுப் போயி ரசீது குடுங்க."

தெருவில் சிரித்தார்கள். அந்த ஆள் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம். வெகுநாளைக்கு அப்புறம் இவர் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனேன். கூட வேலை செய்த பெண்களெல்லாம் எடுத்தார்கள். எனக்கு மட்டும் பணம் வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் என்னை உள்ளே அனுப்பினார். உள்ளே அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்கம்மா. கணக்க நிறுத்தி வச்சிருக்கு."

"சார், அது கடன் வாங்குன காசு இல்ல. கம்மாயில நான் மண்ணு சொமந்த காசு."

"எனக்குப் புரியுதும்மா. சிஸ்டத்துக்குப் புரியாதே."

நல்ல மனுஷர்தான். உட்காரக்கூடச் சொன்னார். அதனாலேயே எனக்குக் கூடுதலாக எரிந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன். வெளியே என்னோடு வந்த பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். மினிபஸ்ஸில் எனக்கும் சேர்த்து ஒருத்திதான் டிக்கெட் எடுத்தாள்.

விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்த் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சித்திரையில் ஒரு புரோக்கர் வந்தார். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்கிறவர். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், இனி நடுவில் எங்களுடையது மட்டும் கிடந்தால் போக்குவரத்துக்குப் பாதைகூட இருக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு அந்த பைக் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

திருச்சுழிக்குப் போய்ப் பத்திரம் முடித்தோம். புரோக்கர் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். கைரேகை வைத்த மை விரலில் காயவில்லை. அந்தக் கையாலேயே இவர் வடையைப் பிட்டுத் தின்றார். அவர் தின்றதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் வாய் மூடி இருந்ததை அவர் மன்னித்தாரா என்று கேட்டதும் இல்லை.

கடனை வட்டியோடு கட்டினோம். பாக்கி இல்லை என்று சீல் வைத்துக் காகிதம் கொடுத்தார்கள். அதே அதிகாரிதான். சந்தோஷமாகச் சொன்னார்: "இப்ப ஒங்க பேரு சுத்தமாயிருச்சு. அடுத்த வெள்ளாமைக்கு லோனு வேணும்னா தாராளமா வாங்க."

"காடு இல்லீங்களே சார்" என்றார் இவர்.

அதிகாரி யோசித்தார். "அப்பக் கஷ்டம்தான்" என்றார்.

இவர் இப்போது வேனில் ஏறி அருப்புக்கோட்டை மில்லுக்குப் போகிறார். நான் இன்னும் நூறு நாள் வேலைக்குப் போகிறேன். சம்பளம் கணக்கில் விழுந்த அன்றைக்கே, வெயிலோ மழையோ, போய் எடுத்துவிடுவேன். ஐம்பது ரூபாயானாலும் அங்கே விட்டுவைக்க மனசு வருவதில்லை.